காலால் சொல்லும் ‘வேண்டாம்’: ‘ஸ்பர்ன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கதை

ஆங்கிலச் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு ‘ஸ்பர்ன்’ பழக்கமான சொல்தான். கூட்டணிக்கு வந்த அழைப்பை ஒரு கட்சி ஸ்பர்ன் செய்தது, பெரிய தொகையை ஒரு விளையாட்டு வீரர் ஸ்பர்ன் செய்தார், சமாதானப் பேச்சை ஒரு நாடு ஸ்பர்ன் செய்தது என்று தலைப்புகள் அடிக்கடி கண்ணில் படும். ஆங்கிலம்-தமிழ் அகராதியைப் புரட்டினால் ‘நிராகரி’, ‘இகழ்ந்து ஒதுக்கு’, ‘வெறுத்துத் தள்ளு’ என்றெல்லாம் கிடைக்கும். எதுவும் தவறில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், அந்தச் சொல்லுக்குள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவரும் ஒரு உறுப்பு நம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். கால்தான் அது. ஸ்பர்ன் என்றால் உதைப்பது. காலால் எட்டித் தள்ளுவது.

இன்றைய பொருளை முதலில் பார்த்துவிடலாம். வங்கி ஒரு கடன் விண்ணப்பத்தை ‘ரிஜெக்ட்’ செய்யும், ஸ்பர்ன் செய்யாது. தேர்வுக் குழு ஒரு கட்டுரையைத் திருப்பி அனுப்பினாலும் அப்படித்தான். ஸ்பர்ன் நடக்க வேண்டுமென்றால் முதலில் ஒருவர் எதையாவது கையில் ஏந்திக்கொண்டு வர வேண்டும்: அன்பு, நட்பு, உதவி, யோசனை, பரிசு, மன்னிப்பு என்று ஏதோ ஒன்று. வந்தவரை இன்னொருவர் வேண்டாம் என்கிறார். அதுவும், ‘இதையெல்லாம் கொண்டுவந்து என்னிடம் நீட்ட உனக்கு என்ன தகுதி’ என்கிற தொனியில். இந்தத் தொனி இல்லாவிட்டால் அது வெறும் மறுப்புதான். கொண்டுவந்த பொருளை மட்டும் ஒதுக்கினால் ரிஜெக்ட். கொண்டுவந்தவரையும் சேர்த்துச் சிறுமைப்படுத்தினால் ஸ்பர்ன்.

இந்தச் சிறுமை எங்கிருந்து வந்தது என்று தேடினால், இங்கிலாந்தை நார்மன்கள் கைப்பற்றிய 1066க்கு முன்னால் போக வேண்டும். அன்று அங்கே பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்புர்னன்’ என்றொரு வினைச்சொல் இருந்தது. இன்று ‘ஸ்பர்ன்ட்’ என்று சாதுவாக இறந்தகாலம் எடுக்கிற சொல், அன்று ‘சிங், சாங், சங்’ வகையறாவைப் போல நடுவிலிருக்கும் உயிரெழுத்தை மாற்றிக்கொள்ளும் கூட்டத்தில் இருந்தது. அன்றே அதற்கு மூன்று வேலைகள். காலால் உதைப்பது ஒன்று, கால் எதிலாவது மோதித் தடுக்குவது இன்னொன்று, இகழ்ந்து ஒதுக்குவது மூன்றாவது. ஆகவே உதை முதலில் வந்து, பல நூற்றாண்டு கழித்துக் கவிஞர்கள் யாரோ அதை உருவகமாக்கினார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. எழுத்தில் கிடைக்கிற பழைய காலத்திலேயே காலும் இகழ்ச்சியும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

தடுக்குவது என்ற பொருளுக்கு நல்ல சான்று ஒன்று உண்டு. ஏறக்குறைய கி.பி. 1000 வாக்கில் எழுதப்பட்ட பழைய ஆங்கிலச் சுவிசேஷ மொழிபெயர்ப்பில், தேவாலயத்தின் உச்சியில் நின்று பிசாசு இயேசுவைச் சோதிக்கும் இடம் வருகிறது. தமிழ் வேதாகமத்தில் ‘உமது பாதம் கல்லில் இடறாதபடிக்கு’ என்று நாம் படிக்கும் அதே வரி. ‘இடறாதபடிக்கு’ என்பதற்கு அங்கே ஸ்புர்னனோடு ஒரு முன்னொட்டைச் சேர்த்துச் செய்த சொல்தான் நிற்கிறது. தமிழ் ‘இடறு’வும் இதே இரட்டை வேலையைச் செய்வது எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை. கல்லில் கால் இடறும், அது தற்செயல். யானைக் காலில் இடறச் செய்தார்கள் என்று பழங்கதைகளில் வரும், அது தண்டனை. தெரியாமல் படும் காலுக்கும் வேண்டுமென்றே ஓங்கும் காலுக்கும் இரண்டு மொழிகளும் ஒரே சொல்லைப் போதும் என்று வைத்திருந்திருக்கின்றன.

சொந்தக்காரர்களைப் பார்த்தாலும் எல்லோரும் கால்களோடுதான் வருகிறார்கள். குதிரைவீரன் குதிகாலில் கட்டிக்கொள்ளும் முள்ளுக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்பர்’. ஜெர்மனில் ‘ஷ்போர்ன்’. சேவலின் கால் முள்ளுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். ஜெர்மனில் ‘ஷ்பூர்’ என்றால் தடம். காட்டில் விலங்கின் காலடித் தடத்தைக் குறிக்க ஆங்கிலேயர்கள் பயன்படுத்தும் ‘ஸ்பூர்’ என்ற சொல், 19ஆம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவின் டச்சுக்காரர்களிடமிருந்து வந்து சேர்ந்தது. தடம் பிடித்துப் போவதிலிருந்து ஜெர்மனில் ‘ஷ்ப்யூரன்’, அதாவது உணர்தல் என்ற வினையும் பிறந்தது. ஒரே வேரிலிருந்து கிளைத்ததில் ஸ்பர் குதிரையை முன்னால் துரத்துகிறது, ஸ்பர்ன் மனிதனைப் பின்னால் தள்ளுகிறது.

இந்தப் பெயரிலேயே ஓர் இடமும் இருக்கிறது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கரையில், ஹம்பர் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், ‘ஸ்பர்ன் ஹெட்’ என்ற மணல் திட்டு சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. குதிமுள் போலத் துருத்தி நிற்கும் நிலம் என்பதுதான் பெயருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். நாடுகடத்தப்பட்ட ஹென்றி போலிங்புரூக் 1399இல் திரும்பி வந்து கரையேறி, இரண்டாம் ரிச்சர்டின் அரியணையைப் பறிக்கக் கிளம்பியது இந்தப் பக்கத்திலிருந்துதான். 2013 டிசம்பரில் வந்த கடல் சீற்றம் அந்த மணல் திட்டை ஓரிடத்தில் அறுத்துவிட்டது. இப்போது பெரிய அலையேற்றம் வரும்போது அது தீவாகிவிடுகிறது.

ஐரோப்பாவின் தெற்கே இறங்கினால் லத்தீனில் ‘ஸ்பெர்னெரே’ இருக்கிறது. ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்ததல்ல. இரண்டும் ஒரே மூதாதையின் பேரப்பிள்ளைகள். லத்தீன் சொல்லில் உதை மங்கி, பிரித்து ஒதுக்குவதும் இகழ்வதும் மட்டும் தங்கிவிட்டன. அது எவ்வளவு கனமான சொல் என்பதற்கு வர்ஜிலின் ‘ஈனியட்’ காவியத்தின் தொடக்கமே போதும். ட்ராய் நகர மக்கள்மீது ஜூனோ தேவிக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்று காரணம் சொல்கிற இடம். மூன்று தேவியரில் யார் அழகி என்று தீர்ப்புச் சொல்ல நின்ற பாரிஸ், வீனஸைத் தேர்ந்தெடுத்தான். அந்தத் தீர்ப்பையும், ‘ஸ்பெர்னெரே’ செய்யப்பட்ட தன் அழகுக்கு நேர்ந்த அவமானத்தையும் ஜூனோ மறக்கவே இல்லை என்கிறார் வர்ஜில். ஒரு நகரம் எரிந்து, பிழைத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் கடலில் அலைவதற்குப் பின்னால் இந்த ஒரு வினைச்சொல் நிற்கிறது.

நமக்கு இன்னும் பக்கத்தில், சமஸ்கிருதத்தில் ‘ஸ்புர்’ என்ற வேர் இருக்கிறது. தமிழிலும் ‘மனதில் ஸ்புரித்தது’, ‘ஸ்புரணம்’ என்று எழுதுகிறோமே, அதே வேர்தான். துடிப்பது, சட்டென்று தெறிப்பது என்ற பொருள்தான் நமக்குத் தெரியும். ரிக் வேதத்தில் அதற்குக் காலும் உண்டு. முதல் மண்டலத்தின் 84ஆம் சூக்தத்தில் எட்டாவது மந்திரம், இந்திரனை எதிர்பார்த்து இப்படிக் கேட்கிறது: காணிக்கை கொடுக்காத மனிதனை அவன் எப்போது ‘பதா க்ஷும்பமிவ ஸ்புரத்’, அதாவது க்ஷும்பத்தைப் போலக் காலால் எற்றித் தள்ளுவான்? நம் துதிகளை எப்போது காதில் வாங்குவான்? க்ஷும்பம் என்றால் காளான் என்று, வேதச் சொற்களுக்கு விளக்கம் தரும் பழைய நூலான யாஸ்கரின் நிருக்தம் பொருள் சொல்கிறது. மழை விட்ட மறுநாள் வரப்பில் முளைத்து நிற்கும் நாய்க்குடையைப் போகிற போக்கில் காலால் ஒரு தட்டுத் தட்டுவோமே, அது. கோபம்கூட வேண்டாம், திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். யார்க்‌ஷயரில் ஒரு விவசாயி பேசிய சொல்லும் இந்த மந்திரத்தின் சொல்லும் ஒரே குடும்பம் என்பது மொழியியல் தந்த பெரிய ஆச்சரியங்களில் ஒன்று. உதையை உதையாகவே, அதுவும் இகழ்ச்சியோடு சேர்த்தே இரண்டு கிளைகளும் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

காலால் இகழ்வது என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பேருந்து நெரிசலில் தெரியாமல் அடுத்தவர்மேல் கால் பட்டுவிட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர் நம்முடையது. புத்தகம் காலில் பட்டாலும் அப்படித்தான். ஆங்கில வாசகர்கள் பலர் இன்று இந்தச் சொல்லில் கவனிக்காத அவமானத்தை நாம் எளிதாக உணர முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

மறுபடி இங்கிலாந்துக்கு வருவோம். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய ‘ட்ரூத்’ என்ற சிறு கவிதையில் ஓர் அறிவுரை வருகிறது: குத்தூசியைப் போய் ஸ்பர்ன் செய்யாதே, சுவரோடு மோதுகிற மண்பானை மாதிரிச் சண்டைக்கு நிற்காதே. இங்கே ஸ்பர்னுக்கு உதைப்பது என்பதைத் தவிர வேறு பொருள் வைக்கவே முடியாது. இதன் பின்னணியில் இருப்பது உழவு மாட்டின் படம். மாடு ஓட்டுபவர் கையில் நுனியில் ஆணி வைத்த தார்க்குச்சி இருக்கும். குத்தினால் மாடு கோபத்தில் பின்னங்காலால் உதைக்கும். உதைத்தால் ஆணி இன்னும் ஆழமாக இறங்கும். உதைக்க உதைக்க வலி மாட்டுக்குத்தான். அப்போஸ்தலர் நடபடிகளில் சவுலிடம் ‘முள்ளில் உதைக்கிறது உனக்குக் கடினமாம்’ என்று குரல் கேட்பதும் இதே மாட்டை வைத்துத்தான்.

அதே காலகட்டத்தில் ஆங்கிலத்துக்குள் இன்னொரு சொல் நுழைகிறது: ‘கிக்’. எங்கிருந்து வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத, பூர்வீகம் தெரியாத சொல். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுத்தில் தென்பட ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக உதைக்கிற வேலை முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. மாடு உதைப்பது, பந்தை உதைப்பது, கதவை உதைப்பது எல்லாம் கிக் ஆகிவிட்டன. தடுக்கி விழுவதற்கும் வேறு சொற்கள் வந்துவிட்டன. கடைசியில் ஸ்பர்னிடம் மிஞ்சியது அவமானம் மட்டும்தான். இது நடந்து முடியப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. அந்த இடைவெளியின் நடுவில்தான் ஷேக்ஸ்பியர் எழுதுகிறார். அவர் காலத்தில் அந்தச் சொல்லில் உதையும் இருந்தது, இகழ்ச்சியும் இருந்தது. இரண்டையும் அவர் பயன்படுத்திக்கொண்ட விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

‘காமெடி ஆஃப் எரர்ஸ்’ நாடகத்தில் ட்ரோமியோ என்ற வேலைக்காரன் எஜமானனிடம் அடி வாங்கிக்கொண்டு எஜமானியிடம் ஓடி வருகிறான். அவளும் திட்டி, மறுபடி எஜமானனைக் கூட்டிவரச் சொல்லி விரட்டுகிறாள். அப்போது அவன் புலம்புகிறான்: நான் என்ன கால்பந்தா, என்னை இப்படி ஸ்பர்ன் செய்கிறீர்கள்? நீங்கள் அந்தப் பக்கம் உதைக்கிறீர்கள், அவர் இந்தப் பக்கம் உதைக்கிறார். இந்த வேலையில் நான் நீடிக்க வேண்டுமென்றால் எனக்குத் தோல் உறைதான் போட வேண்டும். இங்கே ‘நிராகரிக்கிறீர்கள்’ என்று மொழிபெயர்த்தால் கால்பந்தும் தோல் உறையும் அர்த்தமில்லாமல் போய்விடும்.

‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தில் ஹெலனா தன்னை விரும்பாத டெமிட்ரியஸின் பின்னாலேயே காட்டுக்குள் போகிறாள். நான் உன் நாய், என்னை ஸ்பர்ன் செய், அடி, கண்டுகொள்ளாமல் விடு, உன் பின்னால் வர மட்டும் அனுமதி கொடு என்று கெஞ்சுகிறாள். கதை திரும்பி, அவன் மந்திர மயக்கத்தில் அவளைப் புகழ ஆரம்பித்ததும் அவள் நம்பவில்லை. சற்றுமுன் என்னைக் காலால் ஸ்பர்ன் செய்தவன்தானே இவன் என்கிறாள். ‘காலால்’ என்று வெளிப்படையாகவே வருகிறது.

‘மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்’தான் இதில் முக்கியமானது. வெனிஸ் வணிகர் அன்டோனியோ 3000 டக்கட் கடன் கேட்டு, வட்டிக்குக் கடன் கொடுக்கும் யூதரான ஷைலக்கிடம் வருகிறார். ஷைலக் பழைய கணக்கை எடுக்கிறார். என் தாடியில் எச்சிலைக் காறித் துப்பினீர்கள்; வாசற்படிக்கு வந்த தெருநாயை எத்துவது போல என்னைக் காலால் எத்தினீர்கள்; இப்போது பணம் வேண்டும் என்கிறீர்கள். அப்புறம் தேதி வாரியாகச் சொல்கிறார்: போன புதன்கிழமை என்மேல் துப்பினீர்கள், இன்ன நாளில் ஸ்பர்ன் செய்தீர்கள், இன்னொரு முறை நாய் என்றீர்கள்; இத்தனை மரியாதைக்கும் கைம்மாறாக நான் கடன் கொடுக்க வேண்டுமா?

இந்த ‘ஸ்பர்ன்’ஐ இன்றைய பொருளில் எடுத்துக்கொள்ளும் வாசகர், அன்டோனியோ ஏதோ முகம் திருப்பிக்கொண்டு போனார், அலட்சியம் செய்தார் என்று நினைத்துக்கொள்வார். ஷைலக் அதைச் சொல்லவில்லை. துப்பியதற்கும் நாய் என்று ஏசியதற்கும் நடுவில், நடுச்சந்தையில் ஒரு மனிதன் காலால் உதைபட்டிருக்கிறான். அன்டோனியோவின் பதில் இன்னும் மோசம். வருத்தமெல்லாம் இல்லை, மறுபடி உன்னை அப்படித்தான் கூப்பிடுவேன், மறுபடி துப்புவேன், மறுபடி ஸ்பர்ன் செய்வேன் என்கிறார், கடன் கேட்டு வந்த வாயாலேயே. ஷைலக்கின் குரூரத்தை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் கடன் திரும்பாவிட்டால் அன்டோனியோவின் உடலிலிருந்து அவர் கேட்கும் ஒரு பவுண்டு சதையை எடைபோடும்போது இந்த உதையும் தட்டில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பிலோ வகுப்பறை உரையிலோ அது ‘புறக்கணித்தீர்கள்’ என்று மாறிப்போனால், வெனிஸ் நகரம் ஷைலக்குக்குச் செய்த அநியாயத்தில் பாதி காணாமல் போய்விடுகிறது.

‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் இந்தச் சொல் இரண்டு பேர் வாயில் வருகிறது. முதலில், சீசரைக் கொல்லும் சதியில் சேரப்போகும் புரூட்டஸ், இரவில் தனியாக யோசித்துக்கொண்டிருக்கும்போது: சீசரை ஸ்பர்ன் செய்ய எனக்குச் சொந்தக் காரணம் எதுவும் இல்லை, பொதுநலம் மட்டுமே காரணம். அடுத்த நாள் செனட் சபையில் மெட்டலஸ் சிம்பர் சீசரின் முன்னால் மண்டியிட்டு, நாடுகடத்தப்பட்ட தன் சகோதரனைத் திரும்ப அழைக்கச் சொல்லி மன்றாடுகிறான். நீ குனிந்து குழைந்து கெஞ்சினால் தெருநாயைப் போல உன்னை வழியிலிருந்து ஸ்பர்ன் செய்வேன் என்கிறார் சீசர். மண்டியிட்டவனின் முகம் எங்கே இருக்கிறது, நிற்பவரின் கால் எங்கே இருக்கிறது என்று மேடையில் யோசித்துப் பாருங்கள். உதை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்த மண்டியிடலே நாடகம் என்பதும், சூழ்ந்து நிற்பவர்களின் உடைக்குள் கத்தி இருக்கிறது என்பதும் சீசருக்குத் தெரியாது. சில நிமிடங்களில் அவரே, தன் பழைய எதிரி பாம்ப்பியின் சிலையின் காலடியில் விழுந்து கிடக்கிறார்.

கடைசியாகப் பார்த்த மூன்று நாடகங்கள், மூன்றிலும் நாய். ஷேக்ஸ்பியரின் மனதில் ஸ்பர்ன் என்றதும் காலடியில் ஒரு நாய் வந்து நின்றுவிடுகிறது. உதைப்பவருக்கு உதைபடுபவர் மனிதராகவே தெரிவதில்லை என்பதைச் சொல்ல அவருக்கு வேறு சொல் தேவைப்படவில்லை.

‘ஹாம்லெட்’டின் புகழ்பெற்ற தனிமொழியிலும் ஸ்பர்ன் வருகிறது, பெயர்ச்சொல்லாக. இந்த வாழ்க்கையை ஏன் சகித்துக்கொள்ள வேண்டும் என்று ஹாம்லெட் துன்பங்களை அடுக்குகிறான்: அடக்குபவனின் அநீதி, மதிக்கப்படாத காதலின் வேதனை, சட்டத்தின் தாமதம், பதவியில் இருப்பவர்களின் திமிர். அப்புறம், தகுதியுள்ளவர்கள் பொறுமையாக நின்று தகுதியற்றவர்களிடம் வாங்கும் ஸ்பர்ன்கள். பன்மை. ஒருமுறை வாங்கும் உதை இல்லை அது. அலுவலக வாசலில் நாள்கணக்காகக் கோப்போடு நின்று, ஒவ்வொரு மேசையிலும் விரட்டப்பட்ட யாருக்கும் இந்த வரியை விளக்க வேண்டாம். ஹாம்லெட் இளவரசன், அவனுக்கு இந்த அனுபவம் நேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை. தன்னுடையதல்லாத வலியையும் அவன் பட்டியலில் சேர்த்துக்கொள்வதுதான் அந்தத் தனிமொழியை எல்லோருடையதாகவும் ஆக்குகிறது.

1755இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியை வெளியிட்டபோதும், இந்தச் சொல்லுக்கு முதல் பொருளாகக் காலால் உதைப்பதையே கொடுத்தார். இகழ்ந்து தள்ளுவது இரண்டாவதாக வந்தது. இன்றைய அகராதிகளில் வரிசை தலைகீழ். உதைக்கு ‘பழைய வழக்கு’ என்ற முத்திரை குத்தி ஓரமாக வைத்திருக்கிறார்கள்.

விசித்திரம் என்னவென்றால், உதை ஓர் இடத்தில் மட்டும் வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது. கால்பந்து ஆட்டச் செய்திகளில், கோல் போட அருமையான வாய்ப்பு கிடைத்தும் ஒரு வீரர் பந்தை வெளியே அடித்துவிட்டால், வாய்ப்பை ‘ஸ்பர்ன்’ செய்தார் என்று எழுதுகிறார்கள். அவர் பாவம் எதையும் இகழவில்லை, குறி தவறிவிட்டது, அவ்வளவுதான்.

பத்திரிகைத் தலைப்புகளில் இந்தச் சொல் செழிப்பதற்குக் காரணம் அதன் குட்டை உருவம்தான். ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து. தலைப்புக்கு ஒதுக்கிய அகலத்தில் நீளமான சொற்கள் உட்காராத காலத்தில் ‘ஸ்னப்’, ‘ஸ்பர்ன்’, ‘ஸ்லாம்’ போன்ற குட்டையான சொற்கள் செய்தியாசிரியர்களுக்குக் கைகொடுத்தன. மூன்றில் ஸ்னப் வடக்கத்திய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது; கடிந்துகொள்வது, வெட்டிக் குட்டையாக்குவது என்று பொருள். மழுங்கிய மூக்குக்கும் ஆங்கிலத்தில் இதே சொல் உண்டு. ஸ்னப் செய்பவர் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுகிறார், காலைத் தூக்குவதில்லை. ‘டிஸ்டெயின்’ என்பதோ, தகுதி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. இன்னொருவரை மதிக்கத் தகாதவர் என்று மனதுக்குள் முடிவு செய்துகொள்வது. அதற்கு எதிராளி பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ரிஜெக்ட் என்றால் லத்தீனில் திருப்பி எறிவது. அது கையின் வேலை. இந்த வேறுபாடுகளெல்லாம் தலைப்பு நெருக்கடியில் கரைந்துபோகும். ஒரு தலைவர் கைகூப்பி, ‘இப்போதைக்கு முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லியிருப்பார். மறுநாள் தலைப்பில் அவர் அழைப்பை உதைத்துத் தள்ளியிருப்பார். அந்தச் செய்தியைத் தமிழாக்குபவர் அகராதியைப் பார்த்து ‘உதாசீனப்படுத்தினார்’ என்று போட்டுவிட்டால், நடக்காத அவமதிப்பு இரண்டு மொழியில் அச்சாகிவிடும்.

அரசியல்வாதி இதைத் தாங்கிக்கொள்வார், மறுநாள் விளக்க அறிக்கை விடுவார். என்னால் தாங்க முடியாத இடம் வேறு. இந்திய ஆங்கிலப் பத்திரிகைகளின் குற்றச் செய்திகளில் ‘ஸ்பர்ன்ட் லவர்’ என்றொரு தொடர் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. ஒரு பெண்ணைப் பல மாதம் பின்தொடர்ந்து, அவள் விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் விடாமல் துரத்தி, கடைசியில் கத்தியோடோ அமிலத்தோடோ வந்து நிற்பவனுக்குப் பத்திரிகை வைக்கும் பெயர் அது.

அந்த இரண்டு சொற்களும் செய்கிற வேலையைப் பாருங்கள். துரத்தியவனுக்குக் காதலன் என்று பட்டம் கொடுத்தாகிவிட்டது. அதோடு நிற்காமல், அவன் ஸ்பர்ன் செய்யப்பட்டவனாம். அதாவது அன்பைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தவன், இகழ்ச்சியோடு உதைத்துத் தள்ளப்பட்டவன். உதைத்தது யார்? மருத்துவமனையில் கிடக்கிற அந்தப் பெண். அவள் செய்ததெல்லாம் ‘எனக்கு விருப்பம் இல்லை’ என்று சொன்னது. பெரும்பாலும் பயந்து பயந்து, நாசூக்காக, அவனுக்குக் கோபம் வந்துவிடக் கூடாதே என்று யோசித்து யோசித்துச் சொல்லியிருப்பாள். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் ஷைலக்கும் வேலைக்கார ட்ரோமியோவும் கெஞ்சி நின்ற ஹெலனாவும் இருந்த இடத்தில், உதை வாங்கியவர்களின் இடத்தில், தாக்கியவனைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறது அந்தத் தொடர்.

சட்டம் இந்த விஷயத்தில் பத்திரிகைகளைவிடத் தெளிவாக இருக்கிறது. 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அமில வீச்சுக்கு 326ஏ, 326பி என்றும், பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதற்கு 354டி என்றும் தனிப் பிரிவுகள் வந்தன. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பின்தொடர்தல் 78ஆவது பிரிவு. பெண் தனக்கு ஆர்வமில்லை என்பதைத் தெளிவாகக் காட்டிய பிறகும் ஒருவன் திரும்பத் திரும்பத் தொடர்பு கொண்டால் குற்றம் என்கிறது அது. ஆர்வமில்லை என்பதைக் காட்டினால் போதும். அவள் எந்தத் தொனியில் சொன்னாள், அவன் மனம் புண்பட்டதா என்ற கேள்விக்கெல்லாம் அந்தப் பிரிவில் இடமே இல்லை.

தமிழ்ப் பத்திரிகைகள் மட்டும் ஒழுங்கு என்று சொல்லவும் முடியாது. ‘காதலை ஏற்க மறுத்ததால் ஆத்திரம்’, ‘ஒருதலைக் காதலால் விபரீதம்’ என்று நாமும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். ‘மறுத்ததால்’ என்ற ஒரே வேற்றுமையில் காரணம் முழுவதும் பெண் தலையில் விழுந்துவிடுகிறது. ஆனாலும் ‘ஏற்க மறுத்தாள்’ என்பது குறைந்தபட்சம் நடந்ததைச் சொல்கிறது, அவள் காலைத் தூக்கினாள் என்று சொல்லவில்லை. ஆங்கிலச் செய்தியிலிருந்து மொழிபெயர்க்கும்போது ‘ஸ்பர்ன்ட் லவர்’ஐ ‘நிராகரிக்கப்பட்ட காதலன்’ என்று அப்படியே கொண்டுவருவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். அவன் ஆறு மாதமாக அவளைப் பின்தொடர்ந்திருந்தால், ‘ஆறு மாதமாகப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தவர் கைது’ என்று எழுதலாம். தலைப்பில் இடம் போதவில்லையென்றால் ‘பெண்ணைத் தாக்கியவர் கைது’ என்பது இன்னும் குட்டை.